மூன்று மில்லிமீட்டர்

பனிக்குடத்தில் மூன்று மில்லிமீட்டர் ஓட்டை.
உள்ளே இருவரின் ரத்தக் கணக்கைத் தீர்க்க
லேசர் போய்வந்த வழி.

"வயிற்றுத் தோல் ஆறிடுச்சு.
சவ்வு அப்படி ஆறாது" என்றார் டாக்டர் லட்சுமணன்.
ஒளிக்காமல் சொன்னதற்கு நன்றி.

ஈசூன், பதினொன்றாம் மாடி.
இருமலைக்கூட விழுங்கிக்கொண்டு படுத்திருக்கிறேன்.
கழற்றிய நாப்கினை
விளக்கடியில் பிடித்துப் பார்க்கிறான் அமலதாஸ்,
அடகுக்கடைக்காரன் மாதிரி.
ஈரமில்லை. இன்றைக்கு ஈரமில்லை.

ஜன்னல் அதிரப் போகிறது ரயில்.
பெயரே பெருவிரைவு.
மெதுவா, என்கிறேன் அதனிடம்.

முப்பத்திரண்டாம் வாரம்
இரண்டு நிமிட இடைவெளியில் இரண்டு அழுகை.

சவ்வைத் தட்டில் விரித்துக் காட்டினார் தாதி நூருல்.
ஓட்டை அங்கேயேதான் இருந்தது,
விளிம்பு மட்டும் கொஞ்சம் தடித்து.
மூடவில்லை.
கிழியவும் இல்லை.