கறுவாவின் தாடை

முதலில் தேயிலைத் தூள் என்று நினைத்தேன்.
விடிய நாலரைக்கு வேலைக்கு ஓடுகிற அவசரத்தில்
நான்தான் சிந்தியிருப்பேன்,
இவன் அதில் தாடையைப் புரட்டியிருப்பான் என்று.
தட்டினேன். போகவில்லை.
ஈரத்துணியால் துடைத்தேன். போகவில்லை.
மூன்றாம் நாள்
தூளுக்கு நடுவே ஒரு சிவப்பு.

வூப்பர்டாலில் அன்றைக்கும் மழை.
கூடைக்குள் கறுவாவும் குடைக்குள் நானுமாகத்
தொங்கு ரயிலில் போனோம்.
ஆற்றுக்கு மேலே பெட்டி ஆட ஆட
அவன் வைத்த ஒப்பாரிக்கு
ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"முகப்பரு" என்றார் வைத்தியர் ரூலாண்ட்.
பூனைக்கா?
"பூனைக்கும்."
சிரித்தேன். பிறகு
என் கன்னத்தைப் பார்க்கிறாரோ என்று நிறுத்திக்கொண்டேன்.
பதினாறு வயதில் ஒரு கைக்கண்ணாடியும்
இரண்டு நகங்களுமாக
நானே தோண்டிய குழிகள் இவை.
"கிள்ளக் கூடாது" என்றார்,
பூனையைப் பற்றித்தான்.

சாப்பாட்டுக் கோப்பை பிளாஸ்டிக்கா?
பிளாஸ்டிக்தான்.
கீறல் விழும், கீறலுக்குள் கிருமி குடியிருக்கும் என்றார்.
பீங்கான் வாங்கினேன், நீலக்கரை போட்டது,
என் தட்டைவிட விலை கூட.
இரண்டு நேரமும் சுடுநீரில் கழுவினேன்.
இளஞ்சூட்டுப் பஞ்சைத் தாடையில் ஒற்றி
நூறுவரை எண்ணச் சொன்னார்கள்.
நாற்பதில் அவன் கட்டிலுக்குக் கீழே.
மிச்ச அறுபதை
வெறும் பஞ்சோடு எண்ணி முடித்தேன்.

மூன்று வாரம்.
தூள் குறையவில்லை; ஆள்தான் பெருத்தான்.

பெருத்தான் என்பது
பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது.
நான் வைப்பது அளந்த அரைக் கோப்பை.
இந்தத் தொந்தி
யார் வீட்டுச் சோறு?

அகராதியோடு உட்கார்ந்தேன்.
இந்த மொழியில் கரண்டி ஆண், முள்ளுக்கரண்டி பெண்.
தாடை?
இரண்டுமில்லையாம். அஃறிணை. அப்பாடா.
கடுகு எழுத்தில் எழுதினேன்:
"இவனுக்குத் தாடையில் பரு.
பிளாஸ்டிக்கில் வைக்க வேண்டாம்.
முடிந்தால் இளஞ்சூட்டுப் பஞ்சு, நூறு எண்ணும்வரை."
சுருட்டிக் கழுத்துப்பட்டியில் கட்டிப்
பின்கதவைத் திறந்தேன்.
வாலை நிமிர்த்திக்கொண்டு போனான், தபால்காரன்.

அடுத்த இரவு வேறொரு காகிதம் வந்தது,
கட்டம் போட்டது, நடுங்கின எழுத்து.
"ஐஸ்கிரீம் டப்பாவில் வைத்துவந்தேன். மன்னிக்கவும்.
விருந்தாளிகளுக்கென்று கிடந்த கிண்ணத்தை
இன்று இறக்கிவிட்டேன்.
விருந்தாளி இவர் ஒருவர்தானே.
இங்கே இவர் பெயர் ஹெர் ஓபர்மான்.
நூறு முடியவில்லை.
முப்பத்தெட்டில் எழுந்து போய்விட்டார்."

ஹெர் ஓபர்மான் என் மடியில் ஏறிச்
சுருண்டு, தாடையை மேலே நீட்டினார்.
தூளுக்கு நடுவே
கடுகளவு வெறும் தோல், ரோஜா நிறத்தில்.

பஞ்சை நனைத்தேன். எண்ணினேன்.
முப்பத்தெட்டு.
முப்பத்தொன்பது.
நாற்பது.

இரண்டு எண் எனக்குக் கூட.
அதை மட்டும்
அவருக்கு எழுதவில்லை.