பச்சைச் சீமெந்து

கொடியேற்றத்துக்கு முதல்நாள், மம்மல் நேரம்
மண்ணெடுக்கப் போனோம்.
முன்னால் தவில், பின்னால் குடை,
குடைக்குக் கீழே சபேசக் குருக்கள்
வெள்ளிப்பூண் போட்ட சின்ன மண்வெட்டியோடு.
கடைசியில் நான்,
சார்ஜ் பாதி இறங்கின லைற்றோடு.

வழமையான இடம் வில்வத்தடி.
வில்வம் இப்போது முள்ளுக்கம்பிக்கு அங்கால்.
காவலரணில் நின்ற பெடியன் தொப்பியைக் கழற்றினான்;
படலையைத் திறக்க அவனுக்கு அதிகாரமில்லை.
"ஈசானம் ஈசானம்தானே" என்றார் குருக்கள்.
கம்பிக்கு இந்தப் பக்கம் எட்டடி தள்ளி
தர்ப்பை போட்டு இருந்தார்.

பூமாதேவியிடம் கேட்கிற மந்திரம் நீளம்.
நுளம்பு கடித்தது. ஒருத்தரும் சொறியவில்லை.

முதல் கொத்து: செம்மண்.
இரண்டாவது: டங்.

தவில் நின்றது.
வயாவிளானில் மண்வெட்டி எதிலும் பட்டால்
கால்கள் தாமாகவே பின்னுக்குப் போகும்.
குருக்களுக்கு முழங்கால் வாதம், எழும்ப ஏலாது.
விரலால் தடவிப் பார்த்தார்.
"வெடி இல்லையப்பா. நிலம்."
நிலத்துக்குள் நிலம்.
உள்ளங்கை அகலம், பச்சைச் சீமெந்து,
ஓரத்தில் சிவப்புக் கோடு.

புவனலோசனி அக்கா சனத்தை விலக்கிக்கொண்டு வந்தா.
இருபத்தேழு வருசம், நாலு வாடகை வீடு,
மல்லாகத்துச் சங்கக்கடையில் அரிசி நிறுக்கிறவ.
குனிந்து பார்த்தா.
"உது எங்கட குசினி."

அழுகிறாவோ என்று லைற்றை உயர்த்தினேன்.
இல்லை. கண்ணால் அளந்துகொண்டு நின்றா:
இதில் அடுப்பு,
அதில் கிணற்றடிக் கதவு,
கதவு திறந்தால் இடிக்கிற அம்மி.

குருக்கள் மண்வெட்டியைக் கீழே வைத்தார்.
பூமாதேவியிடம் கேட்டாயிற்று.
இப்போது மந்திரமில்லாமல் கேட்டார்:
"பிள்ளை, எடுக்கட்டோ?"

"எடுங்கோ ஐயா. கொஞ்சம் இஞ்சால எடுங்கோ.
அதிலதான் அம்மா அடுப்புச் சாம்பல் கொட்டிறவ.
நல்லா முளைக்கும்."

இரவு, யாகசாலையில்
அந்த மண்ணைப் பாலிகைச் சட்டிகளில் நிரப்பினார்கள்.
பாலில் ஊறின நெல்லு, எள்ளு, உழுந்து, பயறு,
ஒன்பதையும் தூவி மூடினார்கள்.
இருட்டில்தான் முளைக்கவேணுமாம்.

விடிய ஏழு நாற்பதுக்குச் சுபவேளை.
சிங்கம் எழுதின சீலை
பாதியில் ஒருக்கால் கயிறு சிக்கி நின்று,
யாரோ உதற,
மளமளவென்று ஏறியது.
அரோகரா.

எல்லாரும் அண்ணாந்தபடி.
அக்கா தன் கைப்பையை
வலத்தோளிலிருந்து இடத்தோளுக்கு மாற்றினா,
கொஞ்சத்தால் திரும்பவும் வலத்துக்கு.
அதற்குள் என்ன பாரம் என்று எனக்குத் தெரியும்.
நேற்று லைற் பிடித்தது நான்தான்.