நான்காம் தசமம்

எங்கள் ஆய்வகத் தராசுக்கு
மூன்று பக்கமும் கண்ணாடிக் கதவு.
மூச்சு பட்டாலே
கடைசி இலக்கம் நடுங்கும்.
கதவைச் சாத்தி, கையைக் கட்டி,
எண் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும்.
பதினோரு வருஷமாக இதுதான் வேலை.

புங்கந்தோட்டத்து ஓடைத் தண்ணீர், நூறு மில்லி.
வெறும் கிண்ணம் 48.2316.
வற்றவைத்து எடுத்தபின் 48.6497.
கழித்துப் பாருங்கள், பள்ளிக்கூடக் கணக்குதான்:
லிட்டருக்கு
நாலாயிரத்து நூற்று எண்பத்தொன்று.
வரம்பு இரண்டாயிரத்து நூறு.

கிண்ணத்தின் அடியில்
கழுவாத மோர்ச்சட்டி காய்ந்ததுபோல் வெள்ளை.

அறிக்கை மேலே போகும்முன்
போன் கீழே வந்துவிட்டது.
"ஏனுங்க மேடம், சௌக்கியமுங்களா?"
சாயப்பட்டறைச் சங்கத்துப் பொங்கியண்ணன்.
அவர் மிரட்டவில்லை, அதை எழுதியாக வேண்டும்.
நேரம்தான் சரியில்லையாம்.
"வெடியால ஆறு மணிக்கு எடுத்தா எப்படீங்க,
ராத்திரித் தண்ணி ஓடி முடிஞ்சிருக்காதுங்களே."

மத்தியானம் பாசன சபைக்காரர்கள்.
இளநீர் உப்புக் கரிக்கிறது, மாடு முகர்ந்துவிட்டுத் திரும்புகிறது,
எல்லாம் நிஜம்.
வாய்க்கால் முக்கில் தேங்கினதை எடுத்தால்
ஒன்பதாயிரம் வருமே என்றார்கள்.
நட்டஈட்டுக்கு ஒன்பது வேண்டியிருந்தது.
கையோடு ஒரு கேனில் கொண்டும் வந்திருந்தார்கள்.

ராத்திரி தம்பி.
சாஃப்ட்புளோ மெஷினில் ஷிப்ட் முடிந்து
நகக்கண்ணில் நேவி புளூவோடு.
"பட்டறைய மூடிருவாங்களா, அக்கா?
வண்டிக்கு இன்னும் ஏழு டியூ இருக்குது."
ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டே இருந்தான்,
சாப்பிடவில்லை.

கலெக்டர் ஆபீஸ் கூட்டத்தில்
என் எண்ணைப் பொய் என்று ஒருவரும் சொல்லவில்லை.
மரியாதையாக அதற்கும் ஒரு நாற்காலி போட்டார்கள்,
கொஞ்சம் தள்ளி.
தேர்தல் வருகிறது என்றும் சொல்லவில்லை.
ஐப்பசி வரட்டும் என்றார்கள்.
முந்திரி பக்கோடா, டீ.
தீர்மானம்: மறு ஆய்வு,
பாலத்துக்குக் கிழக்கே வேண்டாம்,
மேற்கே.

மழை நின்ற மறுநாள் போனோம்.
ஓடை செம்மண் நிறத்தில் புரண்டது,
ஒரு வாத்துக்கூட்டம் இறங்கியிருந்தது, சத்தியமாக.
ஆயிரத்து இருநூற்று நாற்பது.
என் கையால் கதவு சாத்தி,
என் கையால் எழுதி,
வட்ட முத்திரையும் நானே வைத்தேன்.
பொய்யான எண்ணைப் போடச் சொல்லியிருந்தால்
முடியாதுங்க என்றிருப்பேன்.
எந்தத் தண்ணீர் என்பதை மட்டும்தான்
அவர்கள் சொன்னார்கள்.

பேப்பரில் வந்தது: ஓடை தேறியது, ஆய்வில் உறுதி.
பொங்கியண்ணன் வீட்டிலிருந்து
ஒரு பெட்டி மைசூர்பாகு வந்தது. திருப்பி அனுப்பினேன்.
அதில் என்ன வீரம்,
எண் ஏற்கெனவே போய்விட்டதே.

முதல் கிண்ணத்தை இன்னும் கழுவவில்லை.
அலமாரியில், பழைய ரசீதுகளுக்குப் பின்னால்.
நேற்று ஆளில்லாத நேரம்
சும்மா எடுத்துத் தராசில் வைத்தேன்.
அடைமழை ஈரத்தைக் குடித்து
உப்பு கனத்திருந்தது.
மூன்று கதவையும் சாத்தினேன்,
மூச்சை அடக்கினேன்.
எண் ஏறிக்கொண்டே இருந்தது.