கோணம்

முதல் நாள் முட்டி மடங்கியது முப்பத்தெட்டு டிகிரி.
பிளாஸ்டிக் மானியை மூட்டோடு ஒட்டிப் பிடித்து
ஷைபா நோட்டில் எழுதிக்கொண்டார்.
பிசியோதெரபி நிலையம் இருப்பது
நாகர்கோவிலில், கோணம் என்கிற இடத்தில்.
அளப்பதும் கோணம்தானே என்றேன். சிரிக்கவில்லை.
எல்லாரும் சொல்வார்களாம்.
"பைய மடக்குங்க" என்றார்.
பைய என்ற சொல்லை அதுவரை
நான் காதில் வாங்கியதில்லை.

ஆனி மாதம். விடிய இன்னும் ஒரு மணி நேரம்.
ரெஜினின் தங்கைக்கு அன்றைக்கு நிச்சயம்.
தோவாளைப் பூச்சந்தையில் அவனை இறக்கிவிட்டேன்.
பிச்சிக்கு விலை பேசப் பத்து நிமிஷம் ஆகும் என்றான்.
பத்து நிமிஷம்.
வண்டி வாங்கி நாற்பது நாள், சாலை காலி,
மீட்டரில் நூற்று நாற்பது என்று
ஓர் எண் அச்சடித்தே கிடக்கிறது.
வேறு காரணம் எதுவுமில்லை.

ஆரல்வாய்மொழி தாண்டி, முப்பந்தலுக்கு முன்னால்
காற்றாலை இறக்கை ஒன்றைச் சுமந்தபடி
நீள லாரி ஊர்ந்துகொண்டிருந்தது.
வலப்பக்கம் ஏறினேன்.
மூன்று தென்னையைத் தலையும் காலுமாய்ப்
படுக்கவைத்த நீளம். வெள்ளைச் சுவர்.
சுவருக்கு இந்தப் பக்கம் காற்றே இல்லை.
நூற்று இருபத்தெட்டு.
நூற்று முப்பத்தொன்று.
உடம்புக்கு எடை இல்லை, பெயர் இல்லை.
பொய் சொல்ல மாட்டேன், அது நன்றாக இருந்தது.
இப்போது நினைத்தாலும் நன்றாகத்தான் இருக்கிறது.

இறக்கை முடிந்தது.
கணவாயின் காற்று முழுவதும்
அங்கே நின்றுகொண்டிருந்தது.

மினி லாரியில் பின்னால் வந்த ரெஜின்
பூச்சாக்கைக் கிழித்துத் தொடையைக் கட்டினானாம்.
ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில்
என் சட்டைக் காலருக்குள்ளிருந்து நர்ஸ்
பிச்சி மொட்டுகளைப் பொறுக்கிப் போட்டார்.
நிச்சய வீடியோவை மூன்று முறை பார்த்தேன்.
ஒரு பெண்ணின் தலையிலும் பூ இல்லை.

"நாய் ஏதும் குறுக்க வந்துச்சா?" என்று
போலீஸ்காரரே எடுத்துக் கொடுத்தார்.
ஆமா என்றேன்.
அந்த நாய் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் வளர்ந்தது.
சித்தப்பாவிடம் செவலையாயிற்று.
சபைக்காரர்கள் வந்தபோது ஒரு காது மடிந்திருந்தது.
ரெஜினிடம் மட்டும் அது வரவில்லை.
"நாய் இல்லடே" என்றேன்.
"தெரியும்" என்று சொல்லிவிட்டு
ஆரஞ்சு உரித்தான். எனக்குத் தரவில்லை.

அடுத்த கட்டிலில் ஏசுவடியான்,
தேங்காய் வெட்ட ஏறி விழுந்தவர்,
மூன்று பிள்ளைகள், மரத்துக்கு இவ்வளவு என்று கூலி.
"நீ எதுல இருந்துடே விழுந்த?"
"நூத்தி முப்பத்தொண்ணுல இருந்து."
"அம்புட்டு ஒயரமா?"
அவர் கிண்டல் பண்ணவில்லை.
நான்தான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஐம்பத்திரண்டு. அறுபத்தி நாலு.
எழுபத்தொன்றில் இருபது நாள் அசையவில்லை.
எலும்புக்குள் கம்பி, கம்பிக்கு நாலு திருகு.
கக்கூஸில் உட்கார்ந்து எழ
அம்மாவின் தோள் வேண்டியிருந்தது.
அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பாள்.
வேகம் கேட்ட உடம்பு இதுதான்.
தொண்ணூறு வந்த அன்றைக்கு ஷைபா
நோட்டில் சின்னதாய் ஒரு நட்சத்திரம் போட்டார்.
இருபத்தாறு வயசில் அதை வீட்டில் வந்து சொன்னேன்.

செட்டிகுளத்து ஒர்க்‌ஷாப்பில் வண்டியை நிமிர்த்தி
டேங்குக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள்.
வாங்கக் கருங்கல்லிலிருந்து ஒரு பையன் வந்தான்.
விலையைக் கேட்கவில்லை, மீட்டரைத் தொட்டுப் பார்த்தான்.
"மேக்சிமம் எவ்ளோ ஏத்துனீங்கண்ணே?"
ஷைபா நேற்று எழுதிய எண் நாக்கில் இருந்தது.
"நூத்திப் பத்து."
"அவ்ளோதானா?"
"அதுக்கே ஏழு மாசமாச்சு" என்றேன்.

சாவியைத் திருகினான்.
தெருமுனையில் படுத்திருந்த நாயைச்
சுற்றிக்கொண்டு போனான். நிஜ நாய்.
பிறகு சத்தம் மட்டும்,
கூடிக்கொண்டே.

வெறுந்தரையில் நின்ற என் வலது கால்
இல்லாத பிரேக்கை
அழுத்திக்கொண்டே இருந்தது.