சாம்பல் அட்டை

பைசாண்டு நகரில் இரவு பதினொன்றரை.
நெலிதாவின் திரையில் நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள்,
கட்டைவிரல் நகமளவில்.
உருகுவே பள்ளியின் வெள்ளை மேலங்கி,
கழுத்தில் நீல ரிப்பன் முடிச்சு. எல்லோருக்கும்.

ஒவ்வொன்றாகத் திறந்தால் விடிந்துவிடும்;
பழைய கணினி, ஒரு படத்துக்குப்
பதினொரு விநாடி மூச்சு வாங்கும்.
அதனால் திறப்பதில்லை.
அம்புக்குறி, அம்புக்குறி,
நல்லதற்கு நட்சத்திரம்,
நாக்கு நீட்டியதற்குச் சிவப்பு.
சிவப்பை மறை என்றதும்
பாதி வகுப்பைக் காணோம்.

மூன்றாம் வகுப்பு எவரிஸ்தோ.
ஐந்து படம். ஐந்திலும் கண் மூடியிருக்கிறான்.
பொறுமை போய் ஐந்தையும் சேர்த்தே திறக்கிறாள்,
விசிறி உறுமுகிறது.
அடுக்கின்மேல் அடுக்கு வைத்துப் பார்த்தும்
இரவல் வாங்க ஒரு கண்மணி இல்லை.

மாத்தே ஆறிவிட்டது.
வடிகட்டியை நீக்குகிறாள்.
ஒளித்ததெல்லாம் திரும்பி வருகிறது:
நாக்குகள், பாதித் தும்மல்,
யாருடையதோ ஒரு முழங்கை,
நடுவே,
ஒளி அளக்க அட்டையைப் பிடிக்கச் சொன்ன பையன்.
மோவாய்வரை சாம்பல் நிறம்,
அதற்கு மேல் இரண்டு கண்கள்,
வேலை கிடைத்தவனின் அகலத்தில்.

இரட்டைச் சொடுக்கு.
பதினொரு விநாடி.
முதலில் கட்டம் கட்டமாய் மங்கல்,
பிறகு எவரிஸ்தோ.