எடைச்சீட்டு

பர்மிட்டில் பதினெட்டு டன்.
திரையில் முப்பத்தொன்றும் சொச்சமும்.
சீட்டில் பதினெட்டு என்று அடிப்பதற்குத்தான்
மாசம் பதினோராயிரத்து ஐந்நூறு எனக்கு.

ஒடுகத்தூர் ரோட்டைவிட்டு மண்பாதை திரும்பும் இடத்தில்
தகரக்கூரை, ஒரு ஃபேன், ஒரு பிரிண்டர், நான்.
"பி.காம். படிச்ச பொண்ணு, மரியாதையா பேசுங்கடா"
என்று மேனேஜர் தாமோதரன் டிரைவர்களிடம் சொன்ன அன்று
பிளாஸ்டிக் நாற்காலியே கொஞ்சம் உயர்ந்த மாதிரி இருந்தது.

பொய் சொல்ல மாட்டேன்.
இந்த மலை உடைந்துதான் என் பேரில் பாஸ்புக் வந்தது,
தவணையில் ஸ்கூட்டி வந்தது.
"சம்பளம் இன்னா ஆச்சு?" என்று வீட்டுக்காரர் கேட்டால்
"என் அக்கவுண்ட்ல கீது" என்று
குழம்பு ஊற்றிக்கொண்டே சொல்ல வாய் வந்தது.

அதே மலைதான்
பாறைக்கொல்லை போரைத் தொள்ளாயிரம் அடிக்குத் தள்ளியது.
மல்லாட்டைச் செடிமேல் மாவு சலித்தது.
மதியம் ஒரு மணிக்குச் சங்கு ஊதினால்
கெஜலட்சுமி தூளியிலிருந்து பிள்ளையை வாரிக்கொண்டு
தெருவில் வந்து நிற்பாள், வெடி முடியும்வரை.
மகளிர் குழுக் கடனில் வாங்கிய ஆறு மாட்டில்
நாலு பொய்கைச் சந்தைக்குப் போய்விட்டது.
தவணை போகவில்லை.

கிராம சபையில் கெங்கம்மாள் எழுந்து கேட்டாள்,
"ஒரு நாளைக்கு எத்தினி லோடு போவுது?"
தலைவர் இந்திராணி புருஷனைப் பார்த்தார்.
புருஷன் செல்போனைப் பார்த்தார்.
நாற்பத்தேழு என்று தெரிந்த நான்
செருப்பைப் பார்த்தேன்.

லோடு இல்லாத ஒரு ஞாயிறு
நானே மேடையில் ஏறி நின்றிருக்கிறேன்.
நாற்பத்தொன்பது கிலோ நான்; நாற்பது என்றது.
இருபது இருபதாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும்.
மீதி ஒன்பது கிலோ எங்கே போனது என்று
அப்புறம் ரெண்டு நாள் யோசித்தேன்.

வியாழக்கிழமை வந்தார்கள்.
கொடி இல்லை, கோஷம் இல்லை,
இடுப்பில் காலிக் குடம்.
டிப்பர் ஏறவேண்டிய இரும்புத் தகட்டில்
பதினாலு பேரும் ஏறி நின்றார்கள்.
பின்னால் ஹாரன், அதற்குப் பின்னால் இன்னொரு ஹாரன்.
"எங்களையும் ஒரு எடை போடும்மா."

சிவப்பு எண்கள் துள்ளி, தடுமாறி, நின்றன:
எழுநூற்று நாற்பது.
வண்டி எண்: இல்லை.
சரக்கு: பெண்கள்.
பர்மிட் கட்டத்தை அப்படியே விட்டேன்.
திரையில் இருந்ததையே சீட்டில் அடித்தது
வேலைக்குச் சேர்ந்து அதுதான் முதல் தடவை.

கெங்கம்மாள் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"நேத்து போன வண்டிங்களோட நெச எடை
இந்த மிஷின்ல கீதா?"

இருக்கிறது.
ரெண்டு வருஷத்துது இருக்கிறது.

தாமோதரன் போனைக் காதில் வைத்தபடி
கிரஷர் பக்கமிருந்து ஓடி வருவது தெரிந்தது.
மாசம் முடிய ஒன்பது நாள்.
பிரிண்டரில் தாள் இருந்தது.