குளிரான இடம்

ஓசூர் பேருந்து நிலையத்தில்
தளிக்குப் போகும் வண்டி எது என்று கேட்டோம்.
ஒருவர் கன்னடத்தில் சொன்னார், ஒருவர் தெலுங்கில்.
மூன்றாமவர் வாயில் வெற்றிலை,
விரலால் சொன்னார். அதுதான் புரிந்தது.

காதலர் தினம் கழிந்த ஞாயிறு.
ரோஜாக் கிடங்குக்கு விடுமுறை.
பதினேழு நாள் இரட்டை ஷிப்ட்டில் கீறிய முள்
லோஜினிக்கும் எனக்கும் இன்னும் ஆறவில்லை.

"வெள்ளைக்காரன் தளிக்கு
குட்டி இங்கிலாந்துன்னு பேரு வச்சானாம்"
என்றேன், பேச்சுக்கு.
சன்னல் கம்பியிலிருந்து முகத்தை எடுத்தாள்.
"எங்க நுவரெலியாவையும் அப்படித்தான் சொல்றது."

ஒரு ஆளுக்கு எத்தனை இங்கிலாந்து வேண்டும்?
குளிர்ந்த இடத்துக்கெல்லாம்
தன் ஊர்ப் பெயரைப் போர்த்திவிட்டுப் போயிருக்கிறான்.
காவேரிப்பட்டணத்துப் பக்கம் வந்திருந்தால்
வேர்வையில் பெயர் ஒட்டியிருக்காது.

தளியில் இறங்கி இங்கிலாந்தைத் தேடினோம்.
பாலித்தீன் கூடாரங்களுக்குள் குடைமிளகாய்.
ராகிக் களத்தில் ஒரு நாய், அதற்கு எங்கள்மேல் அக்கறை இல்லை.
டீக்கடைக்காரர் யோசித்தார்:
"பாக்கிறதுக்கா? ஏரி இருக்கு.
ராத்திரி தங்கினா யானை வரும்."

ஏரியில் பாதித் தண்ணீர்.
ஒருவன் டிராக்டரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான்
எருமையிடம் பேசுகிற குரலில்.

லோஜினி கரையில் உட்கார்ந்து
தன் ஏரியைச் சொன்னாள்.
அதில் அன்னப்பறவை மாதிரிப் படகு.
பக்கத்தில் குதிரைப் பந்தயத் திடல்,
மணிக்கூண்டு வைத்த சிவப்புத் தபால் கந்தோர்,
கொஞ்சம் தள்ளி ஹக்கலைப் பூந்தோட்டம்,
ஆற்றோரம் சீதையம்மன் கோயில்.
ஏப்ரல் வந்தால் கொழும்பே மலையேறி வந்துவிடும்.

"படகில போனியா?"

"நானா?
அப்பா பெரிய ஓட்டல்ல வேலி வெட்டினாரு.
பின் கேட்டில சோத்துப் பெட்டிய குடுத்திட்டு வருவேன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
ஒரு மான்தலை சுவரில இருந்து என்னைப் பாக்கும்.
அதுக்கும் உடம்பு வெளியிலதான் போல."

பிறகு கொஞ்ச நேரம் கல் பொறுக்கினாள்.

"சுத்திப் பாக்க வந்தவங்க எல்லாம் படம் எடுப்பாங்க.
தூரத்தில தேயிலைக்குள்ள
கூடையோட புள்ளி புள்ளியா நிப்போமில்ல,
எத்தனை வீட்டு அல்பத்தில
எங்கம்மா இருக்கோ."

பன்னிரண்டு வயதில் படகேறினாள், இந்தப் பக்கம் வர.
அதை அவள் சவாரிக் கணக்கில் சேர்ப்பதில்லை.

"என்னை ஒரு படம் எடு" என்றாள் திடீரென்று.
"வந்தவ மாதிரி எடு."
துப்பட்டாவைச் சரிசெய்தாள்,
இல்லாத கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டாள்.
ஏரி, மேகம், பனி விலகாத சவுக்கு வரிசை,
நடுவில் லோஜினி, நாற்பத்தைந்து வயது,
முதல்முறையாகச் சுற்றுலாப் பயணி.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவள்
அப்படியே நின்றாள்.
தோளுக்குப் பின்னால் முட்டைக்கோஸ் வயலில்
தலையில் துண்டு கட்டிய ஒரு புள்ளி.

"வெட்டிடவா?" என்றேன்.
பதில் இல்லை. வரப்பில் இறங்கிவிட்டாள்,
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.

அந்தப் பெண் பெயர் ரத்னம்மா.
போனை வாங்கி, மண் விரலால்
தன்னைத் தானே இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தார்.
கன்னடமும் தமிழும் கலந்து திட்டினார்:
முன்னாடியே சொல்ல வேண்டாமா?
துண்டை அவிழ்த்திருப்பேனே!

மறுபடி எடுத்தோம்.
துண்டில்லாமல், ரத்னம்மா முன்னால்.
லோஜினி பாதிதான் வந்தாள்.

திரும்பும் வண்டியில், காசு வாங்காமல் கொடுத்த
மூன்று முட்டைக்கோஸில் ஒன்று
உருண்டு ஓட்டுநர் காலடிக்குப் போனது.
அவர் தெலுங்கில் ஏதோ சொன்னார்.
வண்டியே சிரித்தது, நாங்களும் சிரித்துவைத்தோம்.

திங்கள் காலை சூப்பர்வைசர் கேட்டார்,
லீவுக்கு எங்கே போனீங்க?
லோஜினி எந்த ஊர்ப் பெயரும் சொல்லவில்லை.
"குளிரான இடம் சார்" என்றாள்,
ரோஜா அறையின் கனத்த கதவை
தோளால் தள்ளிக்கொண்டே.
உள்ளே இரண்டு டிகிரி.